அவன் ஆடிய வரைக்கும்

மே 7

மதுரை கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். வீட்டுக்காரருக்கு வலது கண் முழுதும் போய்விட்டது. இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் தெரிகிறது, நடுவில் புகை மூட்டம்தான். சர்க்கரை வருடக்கணக்காக அரித்ததை லேசர் வைத்து நிறுத்தப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

டாக்டர் சின்னப் பெண். "இனிமே படிக்கிறது, எழுதுறது எல்லாம் கஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டு, "சார் என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"ஹாக்கி எழுதுறேன்" என்றார் இவர்.

அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

சாத்தூரில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கினேன். மிளகாய்ப் பொடியை இவர் சட்டையில் கொட்டிக்கொண்டார். தட்டிவிட்டேன்.

மே 9

'தென்சுடர்' பேப்பர் ஆபீசிலிருந்து செல்வின் பேசினான். விளையாட்டுப் பக்கம் அவன் பொறுப்பு. பதினைந்தாம் தேதி நம்ம கோவில்பட்டியில் அகில இந்தியப் போட்டி தொடங்குகிறது. "அண்ணாச்சி, வழக்கம்போல தினமும் அரைப் பக்கம் உங்களுக்கு" என்றான். போனில் ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இவர் "சரிப்பா" என்றார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு, நான் நின்ற இடத்தைப் பார்த்துப் பேசினார். நான் அதற்குள் அடுப்படிக்கு நகர்ந்திருந்தேன்.

"நீ கூட வரணும் சுந்தரி."

"எனக்கு டூட்டி இருக்கு."

"லீவு போடு."

"அந்த மைதானத்துக்கு நான் வரமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கொசுவலைகளை எல்லாம் எடுத்துத் துவைத்தேன்.

மே 10

மழை. கொசுவலை காயவில்லை.

மே 12

லீவு எழுதிக் கொடுத்தேன். ஹெட் நர்ஸ் காரணம் கேட்டார். வீட்டுக்காரருக்குக் கண் என்றேன்.

தடுப்பூசிப் பிரிவில் இன்று நல்ல கூட்டம். முன்பு விபத்துப் பிரிவில் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நானே கேட்டு மாறி வந்தேன். பிள்ளைகள் ஊசிக்கு அழுவதைக் கேட்டு மற்றவர்களுக்குத் தலைவலி வரும். எனக்கு வராது. அழுகிறது என்றால் மூச்சு இருக்கிறது.

மே 15

போனேன்.

புதிதாக நீல நிறத்தில் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். முன்பு வெறும் செம்மண். அடையாளமே தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

நிருபர்களுக்கு ஷாமியானா நிழலில் நீளமாக ஒரு மேஜை. இவருக்கு அங்கே ஓரத்து நாற்காலி, எப்போதும் அதுதானாம். பக்கத்தில் இன்னாசிமுத்து. வேறொரு பேப்பருக்கு எழுதுகிறார். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"மைனி... வாங்க மைனி" என்றார். 

"அவுகளுக்கு முதுகு வலி. அதான் துணைக்கு வந்தேன்" என்றேன். இன்னாசி இவர் கண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியதும் இவர் என் பக்கம் சாய்ந்து, "பந்து எங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு வேகம். "நடுவில" என்றேன். "யார்கிட்ட?" அதற்குள் அது வேறு எங்கோ போய்விட்டது. வியர்த்துவிட்டது எனக்கு. பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கம்.

"போபால் டீம்ல ஏழாம் நம்பர் இடது காலை ஊனாம ஓடுறான். முட்டியில பழைய அடி. வலி தெரியாத மாதிரி நடிக்கான்."

"திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புறான்?"

"வலப்பக்கம் மட்டும்தான்."

"அப்ப எதிராளி அவனை இடப்பக்கம் தள்ளிக்கிட்டே போவான், பாரு" என்றார். அப்படியேதான் நடந்தது. நடந்ததைச் சொன்னேன். இவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அதைப் பார்த்து வெகு நாளாகிறது.

வீட்டுக்கு வந்து இவர் சொல்லச் சொல்ல நான் போனில் தட்டி அனுப்பினேன். 'நடிக்கான்' என்றே தட்டிவிட்டேன். செல்வின் திருத்திக்கொண்டான்.

மே 16

பேப்பரில் இவர் பெயர் போட்டு வந்திருந்தது. தலைப்பு: 'வலியை மறைத்த ஏழாம் எண்'. பால்காரர்கூட நிறுத்திப் பேசினார்.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். "முட்டி பத்தி இத்தனை வருசத்துல நான் எழுதினதில்ல" என்றார். ரசத்தில் உப்பு போட மறந்திருந்தேன். அதையும் குடித்துவிட்டார்.

மே 17

மேஜைக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் தாட்சாயணி. கட்டட இன்ஜினியருக்குப் படித்தவள், பாலம் கட்டும் கம்பெனியில் இருந்தாளாம். அதை விட்டுவிட்டு இணையதளத்தில் விளையாட்டு எழுதுகிறாள். விளையாட்டு எழுதுகிறவர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு கட்டுரை போடப் போகிறாளாம். இடைவேளையில் டீ குடிக்கும்போது ஒவ்வொருவராகக் கேட்டாள்.

இன்னாசி பாதிரியாராகப் போகச் செமினரியில் ஐந்து வருடம் படித்தவர். "ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல ரேடியோவுல மேட்ச் கேட்டேன்னு ரெக்டர் கூப்பிட்டாரு. 'உனக்கு அழைத்தல் வேற எங்கயோ இருக்கு தம்பி'ன்னாரு. அது உண்மையாத்தான் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். கோமதிநாயகம் சார் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து ரிட்டையர் ஆனவர். கொலை வழக்குகளில் சாட்சி சொன்னதை எல்லாம் எழுதி எழுதி மனம் கெட்டுப் போய், யாரும் சாகாத ஒன்றை எழுதலாம் என்று இங்கே வந்தாராம். சொல்லிவிட்டு இவரையும் என்னையும் பார்த்தார். உடனே டீ கிளாஸுக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்.

இவர் தன் கதையைச் சொன்னார். லித்தோ பிரஸ்ஸில் தீப்பெட்டி லேபிள் அடித்துக்கொண்டிருந்தவர். ஒரு தடவை பேப்பரில் நம்ம ஊர் கோல்கீப்பர் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். அவன் அந்தப் பேப்பரை அம்மாவிடம் காட்ட முடியாமல் பிரஸ் வாசலில் வந்து அழுதானாம். இவர் ஆபீசுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். அடுத்த மாதம் அவர்களே இவரை எழுதச் சொன்னார்கள்.

"நீங்க எந்தப் பேப்பர் மேடம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"நான் நர்ஸும்மா. சும்மா வந்தேன்."

தாட்சாயணி இவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க எழுதினதிலேயே ரொம்பக் கஷ்டமான மேட்ச் எது?"

 இன்னாசி சட்டென்று, "ஏம்மா, அந்தப் பாலம் என்ன ஆச்சு, நிக்குதா?" என்று கேட்டார். அவள் நல்ல பெண். ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்து, பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

மே 18

இன்று ஆட்டம் இல்லை. துணி துவைத்தேன். மாடி அறையைப் பெருக்கினேன். எட்வின் படித்த அறை.

அந்தப் பெண் கேட்டதற்கு இவர் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் பதில். எழுதித் தொலைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் காலேஜ் அணிகளின் இறுதிப் போட்டி. எட்வின் ஆடிக்கொண்டிருக்கும்போது விழுந்தான். இதயத் தசை தடித்திருந்ததாம், பிறவியிலேயே. பத்தொன்பது வயது. நான் அவனைப் பெற்றவள், நர்ஸ், எனக்கே தெரியவில்லை. அன்று சாயங்காலம் பிணவறை வாசலில் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். இவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பற்றிச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். எழுதி, ஆள் விட்டு அனுப்பினார். மறுநாள் அச்சில் வந்தது.

நான் அதைப் படிக்கவில்லை. அதைப் பற்றி இவரிடம் பேசியதும் இல்லை. சோறு போட்டேன், இன்சுலின் போட்டேன், மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 19

அரையிறுதி. புவனேஸ்வர் அணி நீலம், பெங்களூர் அணி மஞ்சள். நல்ல கூட்டம், வெயிலும் அப்படி. மூன்றாவது கால்பகுதியில் நீல அணிப் பையன் ஒருவன் மைதானத்தின் நடுவில் விழுந்தான். தசைப்பிடிப்பு. அப்புறம் எழுந்துவிட்டான். ஆட்டத்தை நிறுத்தவில்லை. மஞ்சள் அணி அந்த நேரத்தில் ஒரு கோல் போட்டது. அடித்தது பதினோராம் நம்பர் என்று இவரிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து எழுதி அனுப்பினோம். எனக்குத் தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

மே 20

காலை பத்து மணிக்குள் செல்வின் இரண்டு தடவை பேசினான். கோல் போட்டது பதினொன்று இல்லை, பதினாறு. மற்ற எல்லாப் பேப்பரிலும் சரியாக வந்திருக்கிறது. பதினாறாம் நம்பர் பையனின் அப்பா பெங்களூரிலிருந்து ஆபீசுக்கே போன் செய்தாராம். ஒரே கோலில் ஜெயித்த ஆட்டம், அதைப் போட்டவன் பெயரே இல்லை.

"அண்ணாச்சி, உங்ககிட்ட இப்படி ஒரு தப்பு நான் பாத்ததே இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லயா?"

இவர் போனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "செல்வின், எனக்குக் கண்ணு தெரியலப்பா" என்றார்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எத்தன நாளா அண்ணாச்சி?"

"இந்தப் போட்டிக்கு முன்னாலயே."

"அப்ப இதெல்லாம் எழுதினது...?"

"நான்தான் எழுதினேன். பாத்தது நான் இல்ல. தப்பு என்னோடது, வேற யாரோடதும் இல்ல."

நான் போனை வாங்கப் போனேன். இவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். செல்வின் அழுகிற குரலில்தான் பேசினான், கெட்டவன் இல்லை. ஆனாலும் அவனுக்கு மேலே ஆள் இருக்கிறது. மத்தியானம் மறுபடி போன் வந்தது. பைனலுக்குத் திருநெல்வேலியிலிருந்து வேறு ஆள் அனுப்புகிறார்களாம். "நீங்க ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி" என்றான்.

"சரிப்பா" என்றார் இவர்.

சாயங்காலம் இன்னாசி வந்து உட்கார்ந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் என்னிடம், "எனக்கு முத நாளே தெரியும் மைனி. நேத்து நான் பக்கத்துலயேதான இருந்தேன். நம்பரை ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா சொல்லிருப்பேன்" என்றார். கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால் நான் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டி வந்திருக்கும்.

மே 21

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"சுந்தரி, அந்தக் கோலை நீ பாக்கலதான?"

"பாக்கல."

"கண்ணை மூடிக்கிட்டியா?"

"அந்தப் பையன் விழுந்ததும் மூடிட்டேன். சத்தம் கேட்டுத் திறந்தேன். எல்லாரும் பதினொண்ணக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அவன்தான்னு நினைச்சிட்டேன்."

"அந்தப் பையன் எழுந்துட்டான்ல?"

"எழுந்துட்டான்."

"அது போதும்" என்றார்.

கொஞ்சமாவது கோபப்பட்டிருக்கலாம். முப்பது வருடம் சேர்த்த பெயரை நான் ஒரு சாயங்காலத்தில் அழித்துவிட்டேன். அவர் அந்தப் பையன் எழுந்தானா என்று கேட்கிறார். அதைக் கேட்டதும் எனக்குள் அடைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கு எப்படிங்க எழுதினீங்க? பிள்ளை உள்ள கிடக்கான். நீங்க பெஞ்சில உக்காந்து பேனாவ ஓட்டுறீங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த ஆளு மனுசன்தானான்னு நினைச்சேன்."

"நீ நினைச்சது எனக்குத் தெரியும்."

"பின்ன ஏன் ஒரு நாள்கூட வாயத் திறக்கல?"

 கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அதனால் இப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை, பழக்கம்.

"செல்வின் அன்னைக்குப் போன் பண்ணினான். 'நீங்க ஒண்ணும் அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி, நாங்களே நாலு வரி போட்டுக்கிடுதோம்'னான். என்ன போடப் போறன்னு கேட்டேன். வாசிச்சுக் காட்டினான். 'மைதானத்தில் மயங்கி விழுந்த மாணவர் மரணம்.' அம்புட்டுதான். நம்ம பிள்ள பேரு மூணாவது வரியிலதான் இருந்துச்சு. மறுநாள் ஊரு பூராம் அவன் விழுந்ததத்தான் பேசும், சுந்தரி. அவன் ஆடினத யாரு சொல்லுவா? அன்னைக்கு அவன் ஆடின மாதிரி ஒரு ஆட்டத்த நான் அவன்கிட்ட அதுக்கு முன்னால பாத்ததில்ல. எனக்கு வேற என்ன தெரியும்? எழுதத்தான தெரியும்?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னார்: "கை நின்னுச்சுன்னா நானும் அங்கயே விழுந்துருவேன்னு இருந்துச்சு."

மொச்சை மடியிலிருந்து உருண்டு ஓடியது. பொறுக்கத் தோன்றவில்லை.

"எப்படி ஆடினான்?" என்று கேட்டேன்.

"படிச்சுப் பாக்கலயா நீ?"

"இல்ல. நீங்க சொல்லுங்க."

சொன்னார். இத்தனை நாளாக நான் அவருக்கு ஆட்டம் சொன்னேன். இன்று அவர் எனக்குச் சொன்னார். கண் இருந்த காலத்தில் பார்த்த ஆட்டம், ஒன்று விடாமல் இருந்தது அவரிடம். எட்வின் அன்று சட்டையை வெளியே விட்டிருந்தான், அம்பயர் திட்டி உள்ளே விடச் சொன்னார். முதல் பாதியில் வலது ஓரமாகவே ஓடி ஓடி எதிர் அணியின் தடுப்பு ஆளைக் களைக்க வைத்தான். கோல் போட வாய்ப்பாக ஒரு பெனால்டி கார்னர் வாங்கிக் கொடுத்தான். இடைவேளையில் எலுமிச்சை சப்பிக்கொண்டே அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தான். இவர் எல்லோர் முன்னாலும் சிரிக்கக் கூடாது என்று குனிந்துகொண்டார். இரண்டாம் பாதி தொடங்கியதும் மூன்று பேரைத் தாண்டிப் போனவன், தானே கோல் போட்டிருக்கலாம். பக்கத்தில் ஒரு புதுப் பையன், அந்த வருடம்தான் அணிக்கு வந்தவன், இன்னும் ஒரு கோல்கூடப் போடாதவன். அவனுக்குத் தள்ளிவிட்டான். அவன் போட்டான். ஓடி வந்து எட்வின் முதுகில் ஏறிக்கொண்டான்.

"அவனத் தூக்கிக்கிட்டே பாதி மைதானம் வந்தான் நம்ம பிள்ள" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. தெரு முனைக் கடையில் மிட்டாய் வாங்கினால்கூடப் பாதியைக் கொடுத்துவிட்டு வருகிறவன் அவன்.

"நாப்பத்தோராவது நிமிசம். பந்து அவன்கிட்ட வந்துச்சு. நிறுத்தினான். தலையத் தூக்கிப் பாத்தான். அதுவரைக்கும் பாத்தேன். அந்தப் பாஸைக் குறிச்சுக்கிடக் குனிஞ்சேன். நிமிந்தப்ப எல்லாரும் ஓடிக்கிட்டு இருந்தாங்க. அவன் விழுந்தத நான் பாக்கல. எழுதினதும் அதுவரைக்கும்தான். 'நாற்பத்தோராவது நிமிடத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டது.' அதுதான் கடைசி வரி."

வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதுக்கப்புறம் நான் சொல்லுதேன்" என்றேன்.

அவருக்குத் தெரியாது. இன்னாசியின் வண்டியில் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று வருடமாக யாரிடமும் நான் சொல்லவில்லை. அன்று டூட்டியில் நான்தான் இருந்தேன். ஆம்புலன்ஸ் கதவைத் திறந்ததும் ஷூவைத்தான் முதலில் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த ஷூ. வேறு யாரையும் விடவில்லை. நானே மேலே ஏறி நெஞ்சை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். விலா எலும்பு ஒன்று என் கைக்குக் கீழே ஒடிந்தது. சரியாக அழுத்தினால் ஒடியும், அது எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு ஒடித்திருக்கிறேன். ஆனால் அது நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய நெஞ்சு. டாக்டர் "போதும் சிஸ்டர்" என்று பல தடவை சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்துதான் என்னைக் கீழே இறக்கினார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். 

முடிந்ததும் மெதுவாகக் கட்டிலிலிருந்து இறங்கித் தரையைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மொச்சையின் மேலேயே உட்கார்ந்தார்.

"அவனுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"இல்லங்க. அப்பவே அவன் இல்ல."

என் கைகள் இரண்டையும் தேடிப் பிடித்து, உள்ளங்கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். நனைந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரம்வரை அப்படியே இருந்தோம்.

மே 23

பைனல். போகவில்லை. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கூட்டத்தின் சத்தம் அவ்வப்போது வந்தது. ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கினார். என்னவாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. 

மே 24

பேப்பரை வாசித்துக் காட்டினேன். புது ஆள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். வக்கீலுக்குப் படித்தவனாம். இவர் வழக்கமாக எழுதும் அரைப் பக்கத்தில் பாதி இடம் ஏதோ செருப்பு விளம்பரம்.

"இன்னொரு தடவை வாசி" என்றார்.

வாசித்தேன். பாதியில் தூங்கிவிட்டார். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவர், வாய் லேசாகத் திறந்து, ஒரு கை என் சேலை முந்தானையின் மேல். நான் நிறுத்தவில்லை. குரலைக் குறைத்துக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தேன்.